திட்ட மறந்த மென்பொருள்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் நாத்தனார் போட்ட குண்டின் புகை இன்னும் அடங்கவில்லை. அந்த வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. கணவரை இழந்த பிறகு மூக்குக் கண்ணாடிக் கடையே கதி என்று இருந்த நாத்தனார், வெளியூர் ரொட்டிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், பிறகு அவருடைய ஊருக்கே குடிபோகப் போவதாகவும் அறிவித்தாள். பெரிய அண்ணனான பல் டாக்டர், "நல்ல விஷயம்" என்றார். அவர் மனைவி, அதாவது நம் அண்ணி, எழுந்து போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். கடைக்குட்டித் தம்பியான சின்னவன் மட்டும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உன் இஷ்டம்க்கா" என்றான்.

கேட்கிறவர்களுக்கு இதில் குற்றமே தெரியாது. ஆனால் அந்த அக்காவும் தம்பியும் பேசும் மொழியே சண்டைதான். கடைக்குப் பெயர் வைப்பதிலிருந்து ஜன்னலுக்கு என்ன வண்ணம் அடிப்பது வரை அவன் சண்டை போடாத விஷயமில்லை. அப்படிப்பட்டவன் "உன் இஷ்டம்" என்று சொன்னால் வீடு எப்படித் தாங்கும்?

இன்று வெளியீட்டு நாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வீட்டில் வளரும் ஒரே பிள்ளை ஒரு கணக்கு மென்பொருள். அதன் புதுப் பதிப்புதான் இன்று வெளிவருகிறது. சின்னவன் பெற்றது, அண்ணி வளர்ப்பது. கட்டற்ற மென்பொருள் என்று அந்த வகைக்குப் பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் திருத்தியும் கொடுக்கலாம். சின்னக் கடைகள், நூலகங்கள், சங்கங்கள் எல்லாம் இதில்தான் கணக்கு எழுதுகின்றன. இதற்காக நிரல் எழுதுகிறவர்களும் சோதித்துப் பார்க்கிறவர்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள். நாத்தனார் சோதிக்கிறவள்; ரொட்டிக்காரர், எதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் உதவிப் பக்கங்களை எழுதுகிறவர். ஒருவரும் சம்பளக்காரர் இல்லை.

அண்ணிக்கு ஒரு வரி நிரல் எழுத வராது. ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு டியூட்டி போடுவது அவள் உத்தியோகம். யாருக்கு யாரோடு ஒத்துப்போகும், யார் முடியாது என்று சொல்லிக்கொண்டே செய்துவிடுவார், யார் முடியும் முடியும் என்று சொல்லிக் கழுத்தறுப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சம்பளம் வாங்குகிறவரை அதட்டலாம். சும்மா செய்கிறவரிடம் அதட்டல் எடுபடாது. அவரிடம் ஒரு நாள் பாராட்ட வேண்டும், ஒரு நாள் ஞாபகப்படுத்த வேண்டும், ஒரு நாள் கண்டும் காணாமல் இருந்துவிட வேண்டும். என்றைக்கு எது என்று தெரிவதுதான் வித்தை. சின்னவன் அவளை "அண்ணி" என்று கூப்பிடுவதைப் பார்த்து, அதுதான் அவள் பெயர் என்று எண்ணிக்கொண்டு அத்தனை ஊர்க்காரர்களும் அப்படியே எழுதுகிறார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட. அவளும் திருத்தவில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. எழுதியவர் தன் வேலையைத் தானே நல்லது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா? வேறொருவர் சோதித்துப் பார்த்துப் பச்சை போட வேண்டும். சரியில்லை என்று பட்டால் சிவப்பு போடலாம். சிவப்பு விழுந்தால் எல்லாம் நின்றுவிடும், போட்டவரே வந்து எடுக்கும் வரை; உதவிப் பக்கத்தில் விழுந்தால் அந்தப் பக்கம் மட்டும் நிற்கும். அண்ணியிடம் எந்தச் சிவப்பையும் நீக்கும் அதிகாரம் உண்டு. அதைத் தொடவே மாட்டேன் என்று முதல் நாளே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

காலையில் லீவு போட்டுவிட்டு அவள் கணினி முன் உட்கார்ந்தபோது திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. காபியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தால், நடுவில் ஒரு சிவப்பு. போட்டது நாத்தனார்.

காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள் இருந்தன. "என்னமோ சரியில்ல."

மாடியிலிருந்து சின்னவன் தடதடவென்று இறங்கி வந்தான்.

"பாத்தீங்களா அண்ணி? எந்தப் பக்கம், எதை அழுத்தினா என்ன வருது, ஒண்ணும் எழுதல. இது சோதனையா, ஜோசியமா?"

"நீ போய்க் கேளேன். கடை ரெண்டு தெரு தள்ளிதானே."

"நான் எதுக்கு? அவங்க இஷ்டம், அவங்க போடறாங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து "நீ, வா, போ" என்று பேசிய அக்கா ஒரே வாரத்தில் "அவங்க" ஆகிவிட்டாள். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட அண்ணிக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

"நீங்க எடுத்துடுங்க அண்ணி" என்றான் சின்னவன். "உங்களால முடியும். நாளைக்கு எல்லாரும் புது வருஷக் கணக்கைத் தொடங்கறாங்க. இன்னைக்குப் போகலன்னா பழசுலயே தொடங்கிடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம் வரைக்கும் ஒருத்தரும் மாத்த மாட்டாங்க. நம்ம எல்லாரோட உழைப்பும் தூங்கும்."

அவன் சொன்னது நியாயம். அதற்குள் அரட்டைப் பலகையில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? நாம் வேலை செய்யும்போதெல்லாம் தன் ஊரில் ராத்திரி என்று உறங்கிவிடுவதால் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கிய நிரலாளர் எழுதினார்: "அண்ணி, நான் இன்று தூங்காமல் விழித்திருக்கிறேன். இதை வீணாக்கிவிடாதீர்கள்."

அண்ணியின் விரல் ஒரு கணம் அந்தப் பொத்தான் பக்கம் போனது உண்மை. பிறகு கையை மடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"என்னங்க, கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று குரல் கொடுத்தாள்.

குளித்துக்கொண்டிருந்த பல் டாக்டர், "சண்டையா?" என்று கேட்டார்.

"இல்லைங்கறதுதான் பிரச்சினை" என்றாள் அண்ணி.

*

கண்ணாடிக் கடையில் நான்கு சுவரிலும் மூக்கில்லாத கண்ணாடிகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பரிசோதனை நாற்காலியில் ஒருவர், கண்ணுக்கு அளவு பார்க்கும் வட்டச் சட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணுக்குத்தான் வில்லை போட்டிருந்தது. அடுத்த கண்ணுக்குப் போடுவதற்குள் நாத்தனாருக்குக் கணினி நினைவு வந்திருக்க வேண்டும்.

"வாங்க அண்ணி. திட்ட வந்தீங்களா?"

"திட்டறதா இருந்தா போன்லயே திட்டியிருப்பேன். என்ன சரியில்ல, காட்டு."

நாத்தனார் கணினியைத் திருப்பி வைத்தாள். "நான் இப்ப வேணும்னே தப்பு பண்ணப் போறேன், பாருங்க." கண்ணாடிச் சட்டங்கள் வாங்கிய தொகையைப் பற்றுப் பக்கம் சரியாகப் போட்டாள். வரவுப் பக்கம் அதே தொகையில் ஒரு பூச்சியத்தை விழுங்கிவிட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

'சேமிக்கப்பட்டது. நன்றி' என்றது திரை.

"பாத்தீங்களா? நன்றியாம்" என்றாள் நாத்தனார். "பழசா இருந்தா இந்நேரம் திரையைச் செவக்க வெச்சு, டிங்குனு ஒரு சத்தம் போட்டு, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல, திரும்பப் பாருன்னு என்னை ஒரு பாட்டுத் திட்டியிருக்கும். ஒரு நாள் தவறாம திட்டும். ஒரு வாரமா புதுசை வெச்சுக் கடைக் கணக்கு எழுதறேன், ஒரு தடவைகூட வாயைத் திறக்கல. நானாவது, தப்பில்லாம எழுதறதாவது. அப்பவே எனக்குப் பட்டுது."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"எப்படி எழுதறது? தப்பு வந்தா இதுதான் தப்புன்னு எழுதலாம். ஒண்ணுமே வரலன்னா?"

அண்ணிக்குப் புரிந்தது. மற்ற சோதனையாளர்கள் ஏன் பச்சை போட்டார்கள் என்பதும் புரிந்தது. 'எச்சரிக்கை எதுவும் வராமல் வேலை முடிந்தால் பச்சை போடவும்' என்று அவர்களுக்குக் குறிப்பு அனுப்பியவளே அவள்தான். எச்சரிக்கை வரவில்லை. போட்டுவிட்டார்கள். அவளுக்குக் காது சூடானது.

அங்கேயே நின்று சின்னவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பற்றும் வரவும் ஒத்துப்போகலன்னா இப்ப என்ன ஆகும்?"

"வித்தியாசம் அனாமத்துல போய் உக்காந்துக்கும்" என்றான்.

எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை, தெரியும் வரை ஒதுக்கி வைக்கும் இடம் அனாமத்துக் கணக்கு. கணக்கு எழுதுகிறவர் தெரிந்தே போட வேண்டிய இடம் அது. மென்பொருள் தன்னிஷ்டத்துக்கு எதையும் அங்கே தள்ளக் கூடாது.

"யாரைக் கேட்டு அப்படிப் பண்ணின?"

"நிறையப் பேர் புகார் சொல்றாங்க அண்ணி, இது மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுதுன்னு. எதுக்கு ஒருத்தர் மனசைக் கஷ்டப்படுத்தணும்? ஓரமா எடுத்து வெச்சுட்டா வேலையும் நிக்காது. வருஷக் கடைசி அறிக்கையில காட்டிடும்."

"அந்த அறிக்கையோட கடைசிப் பக்கத்தை யாரு படிக்கறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டான்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கு ஒரு மென்பொருள், அதுக்கு இத்தனை பேர் உழைப்பு. எப்பப் பண்ணின இதை?"

"போன வாரம்."

போன வாரம் எந்தக் கிழமை என்று அண்ணி கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனவன் நேரே மாடிக்குப் போய்க் கணினியைத் திறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். எத்தனையோ பேர் வருடம் முழுக்க எழுதப்போகும் கணக்கு, ஒருத்தன் மனசு சரியில்லாத ஒரே நாளில் ஊமையாகியிருக்கிறது. நினைத்தால் அவளுக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மாத்து" என்றாள்.

சின்னவன் வேகக்காரன். நாத்தனார் நாற்காலிக்காரரின் இரண்டாவது கண்ணுக்கு வில்லை தேடிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. 'பழையபடி மாற்றப்பட்டது. தயவுசெய்து சரிபார்க்கவும். நன்றி.'

நாத்தனார் அதை உரக்கப் படித்தாள். "தயவுசெய்தாம்" என்றாள். வில்லையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் தட்டினாள். 'நேரில் வந்து காட்டினால்தான் எடுப்பேன்.'

"வம்பு பண்ணாத" என்றாள் அண்ணி.

"வம்புதான் அண்ணி. ஒரு வாரமா என்னை யாரும் திட்டல. இதுவும் திட்டல, அவனும் திட்டல. எனக்கு எப்படி இருக்கும்?" அவள் கண் நிரம்பியது. "வேணாம்னு சொல்லியிருந்தா நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேன். இப்படி விருந்தாளிகிட்டப் பேசற மாதிரிப் பேசினா நான் என்னத்தைச் சொல்ல?"

அண்ணியின் கைபேசி நடுங்கிக்கொண்டே இருந்தது. வெளிநாட்டிலிருந்து சோதனை பார்க்கும் வாத்தியாரம்மா எழுதியிருந்தார்: "திருத்தம் வந்துவிட்டதே, நானும் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. அண்ணி, நீங்களே சிவப்பை எடுத்துவிடலாமே. எங்கள் ஊரில் இருட்டப் போகிறது." தூங்குமூஞ்சி ஒரு கொட்டாவிப் படம் அனுப்பியிருந்தார். சின்னவனும் தனியாக ஒரு வரி போட்டிருந்தான்: "ப்ளீஸ் அண்ணி."

இப்போது பொத்தானை அழுத்தினால் ஒரு தவறும் இல்லை. மென்பொருள் சரியாகிவிட்டது. ஊரே கேட்கிறது. ஆனால் சிவப்புப் போட்டவளைத் தாண்டிக்கொண்டு ஒரு முறை போய்விட்டால், பிறகு யார் போடும் சிவப்புக்கும் மதிப்பிருக்காது. அதைவிட, இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இந்த நாளைக் கடந்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெண் மூட்டை கட்டிக்கொண்டு போயே விடுவாள்.

அண்ணி சின்னவனுக்கு எழுதினாள். "நான் எடுக்க மாட்டேன். வா."

*

அவன் வந்தான். முகத்தைக் கழுவி, தலை வாரி, ஏதோ பெண் பார்க்க வந்தவன் போல ஒரு முக்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நாற்காலிக்காரருக்கு வணக்கம் சொன்னான். அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

நாத்தனார் முன்பு போலவே ஒரு பூச்சியத்தை விழுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரை செக்கச்செவேலென்று ஆனது. டிங். 'பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. மீண்டும் பாருங்கள்.'

"அப்பாடா" என்றாள்.

"சரியா இருக்குங்களா? எடுத்துடலாமா?" என்றான் சின்னவன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"பக்கத்துல இல்ல, உங்கிட்ட. கடைக்குப் பேர் வெச்சப்ப எங்கூடச் சண்டை போட்ட. முடியைக் குட்டையா வெட்டிகிட்டப்ப நாள் கணக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுகிட்ட. கல்யாணத்துக்கு மட்டும் உன் இஷ்டமா? நான் அவ்வளவு அந்நியமாப் போயிட்டேனாடா உனக்கு?"

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"வேற என்ன சொல்லச் சொல்ற?" என்றான் மெல்ல. அப்புறம் குரல் ஏறியது. "போகாதன்னு சொல்லவா? இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் நீ சிரிக்கற. அதுல போய் நான் மண்ணைப் போடவா? சரி, நீயாவது எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்ல? ஊருக்கே பரிமாறறப்ப எனக்கும் ஒரு கரண்டின்னு மேசையில வெச்சுச் சொல்ற. அந்த மனுஷன் எழுதற உதவிப் பக்கத்தை இத்தனை நாளா நான் திருத்திகிட்டிருக்கேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினா முடிக்கத் தெரியாது. நீ அதைப் படிச்சுப் படிச்சுக் கேள்வி கேக்கற, அவர் பதில் எழுதறார், நான் நடுவுல உக்காந்து கமா போட்டுக் குடுத்திருக்கேன். என் கண்ணு முன்னாடியே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணல உனக்கு."

"நீ கத்துவன்னு பயந்தேன்."

"கத்தியிருப்பேன். கத்தினா என்ன?" அவன் திரையைக் காட்டினான். "நான் எழுதினா எல்லாரும் கண்ணை மூடிகிட்டுப் பச்சை போட்டுடறாங்க. பாத்தியா இன்னைக்கு? நீ ஒருத்திதான் நிறுத்தின. நீயும் போயிட்டா, நான் தப்பா எழுதறேன்னு எனக்கு யாருக்கா சொல்லுவாங்க?"

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஊர்ல கரண்ட் இல்லையா, கம்ப்யூட்டர் இல்லையா? மாவுக் கையோடயே வந்து உனக்குச் சிவப்புப் போடுவேண்டா, போ."

'நீ'யும் 'டா'வும் திரும்பியதைக் கேட்டதும் அண்ணிக்கு மூச்சு வந்தது. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். இந்த வீட்டில் பாசமும் அங்கேதான் இருக்கிறது. மகிழ்ச்சியில் அவளுக்கே கொஞ்சம் அழுகை வந்தது.

"எனக்கு இந்தக் கண்ணுக்கு இன்னும் போடலைங்க" என்றார் நாற்காலிக்காரர், தயங்கித் தயங்கி.

நாத்தனார் சிரித்துக்கொண்டே சிவப்பை எடுத்தாள். அரட்டைப் பலகையில் கைதட்டல்கள் குவிந்தன. அண்ணி கடைக் கணினியிலேயே உட்கார்ந்து 'வெளியிடு' என்ற பொத்தானுக்குப் போனாள். அதற்குள் இன்னொரு சிவப்பு முளைத்தது. போட்டது சின்னவன், கைபேசியிலிருந்து.

'உதவிப் பக்கம், அனாமத்துக் கணக்கு. வித்தியாசத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருப்பது தவறு. எழுதியவர் நேரில் வந்து விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு.'

அண்ணி அவனை முறைத்தாள்.

"அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அண்ணி. அது இல்லாமயே வெளியிடலாம்" என்றான் அவன், பச்சைப் பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு. நாத்தனார் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் அடுப்படியிலேயே கைபேசியை வைத்திருப்பார் போலிருக்கிறது. பதில் உடனே வந்தது. 'நீங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன், தவறு என்னுடையது அல்ல, இதை நேரிலேயே நிரூபிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மகளையும் அழைத்து வரலாமா,' என்று வாக்கியம் கமாவில் நின்றது.

அண்ணி அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

"மகளா?" என்றான் சின்னவன்.

நாத்தனார் ஒரு வில்லையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? கல்யாணம் முடிஞ்சா? என்னக்கா நெனச்சுகிட்டிருக்க உன் மனசுல? இதையும் ஒளிச்சு வெச்சியா? என்ன வயசு? என்ன படிக்குது? உன்னைப் பாத்திருக்கா? நீ அந்த வீட்டுக்கு வரதுல அந்தப் பொண்ணுக்குச் சம்மதமா?"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணி 'வெளியிடு' என்பதை அழுத்தினாள். அத்தனை ஊர்களுக்கும் மென்பொருள் கிளம்பிப் போனது. ஒரு வாரத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் எதையும் கேட்டதில்லை.

ஆனால் திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் துடைப்பதை நிறுத்திவிட்டு வில்லையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுதாண்டா எனக்கும் தெரியல" என்றாள். "அந்தப் பொண்ணு எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசினதில்ல."

சின்னவன் முக்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு, இந்த முறை அதில் முழுசாக உட்கார்ந்தான்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றான்.